சமுதாயக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

1999 கார்கில் போரில் உயிர் ஈந்த, தரைப்படையில் ‘லான்ஸ் நாயக்’ பதவியில் இருந்த நம் ஊர் வீரரின் பெயரைச் சமுதாயக் கூடத்துக்குச் சூட்டுவதென்று குடியரசு நாள் கிராம சபையில் நிறைவேற்றிய தீர்மானப்படி பணி முடிந்து, கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று கூடம் திறக்கப்பட்டது. ஊர் முகப்பில் வளைவு கட்டியிருக்கலாமே என்போருக்கு ஒன்று சொல்கிறோம்: மூவண்ணக் கொடி போர்த்திய அவருடைய பெட்டியை இறக்கி வைத்தது இந்தக் கூடத்தின் திண்ணையில்தான். கார்கிலின் பட்டாலிக் பகுதியில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனை நாடறியும். அதே போரில் மடிந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரில் நம்மவர் பெயரைச் சொல்ல நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

தட்டோடு, பூச்சு, மின்இணைப்பு, கழிப்பறை யாவும் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

கூடுதல் செலவு பெயர்க்கல்லால் வந்தது. படைப்பிரிவின் கடிதத்தில் உள்ளபடி ‘லான்ஸ் நாயக்’ என எழுதிக் கொடுத்து, ஒப்பந்ததாரரிடம் கையொப்பமும் பெற்றிருந்தோம். வந்திறங்கிய கல்லிலோ ‘நாயக்’ என்று மட்டுமே வெட்டியிருந்தது. உயர்ந்த பதவிதானே, இருக்கட்டும் என்றார் ஒப்பந்ததாரர். குழுவிலும் இருவர் தலையசைத்தார்கள். வீரரின் மனைவி கல்லருகே வந்து நின்று, “அவுக சட்டைக் கையில இருந்தது ஒத்தப் பட்டைதான், வாங்காத ரெண்டாவது பட்டை அவுகளுக்கு வேண்டாம்” என்றார். விட்ட சொல்லை மேலே சிறிய எழுத்தில் செருகித் தருவதாக ஒப்பந்ததாரர் சொன்னதைக் குழு ஏற்கவில்லை. புதுக் கல்லுக்கான ரூ.18,400-இல் பாதியை அவர் ஏற்றார். மீதி ரூ.9,200-ஐயும் அவரிடமே பிடித்திருக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. ஆனால் வழக்காடி நின்றிருந்தால் ஜூலை 26 கைவிட்டுப் போயிருக்கும் என்பதால் இசைந்தோம். அதற்குக் குழுவே பொறுப்பு.

சிங்கப்பூரிலும் துபாயிலும் உழைக்கும் நம் பிள்ளைகள், கீழத்தெரு மகளிர் குழுவினர், சிமென்டை அடக்க விலைக்கே தந்த கடைக்காரர், ஒரு வாரக் கூலியை விட்டுக்கொடுத்த கொத்தனார்கள், ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே தந்த அங்கன்வாடிப் பணியாளர், வீரரோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள் என நன்கொடையாளர் அனைவரின் பெயரும் உட்சுவரில் எழுதப்பட்டுள்ளன. முகப்பில் வீரர் பெயர் மட்டுமே இருக்கும், இதில் மாற்றமில்லை.

பிழையான கல்லைக் கவிழ்த்துப் படிக்கட்டில் பதிக்கலாம் என்ற யோசனையையும் மறுத்துவிட்டோம். அவர் பெயர் உள்ள கல் மிதிபடக் கூடாது. அது பின்னறைச் சுவரோரம் சாக்குப் போர்த்தி நிற்கிறது. பக்கத்து அலமாரியில் எல்லா ரசீதுகளும் உறுப்பினர் பார்வைக்கு உள்ளன.