தம்பி கேட்ட கேள்விக்குப் பூமலையில் பதில்

அன்பு மகளுக்கு,

சிங்கப்பூரிலிருந்து நல்லபடியாக சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த இட்லியை பஸ்ஸிலேயே பசியாறிவிட்டேன். அப்பா சுகமாக இருக்கிறார்.

போனில் பேச வராத ஒன்றை எழுதுகிறேன். அன்று சாப்பாட்டு மேசையில் தம்பி, “பாட்டி என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் நீ பேச்சை மாற்றிவிட்டாய். கோபமில்லை, மா. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த நாட்களை நீ யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ வேலைக்குப் போனதும் நான் தினமும் பூமலைக்குத்தான், அந்தத் தாவரவியல் தோட்டத்துக்குத்தான் நடந்தேன். உங்கள் தங்ளின் பக்கம் எவ்வளவு நிழல்! குளூனி ரோட்டில் மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கின்றன. பூமலை காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது, காசும் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்; ஒருமுறை பார்த்தேன், அழகுதான். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது அந்தப் பெரிய தெம்புசு மரம். ஐந்து வெள்ளி நோட்டில் இருக்குமே, அதுதான். ஒரு கிளை தரையை ஒட்டி நீண்டு கிடக்கிறது. 1859இல் பூமலை உண்டாவதற்கு முன்பே அது அங்கே நின்றதாம்.

மூன்றாம் நாள் ஹோல்ட்டம் மண்டபத்து அருங்காட்சியகத்துக்குள் போனேன். உள்ளே நம் பால்மரத்தின், ரப்பர் மரத்தின் கதை இருந்தது. காவலாளித் தம்பி ஒருவர் நிதானமாக வாசித்துச் சொன்னார். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் கப்பலில் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூமலைப் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், ரப்பர் பயிரிடுங்கள் என்று பார்க்கிற தோட்டத் துரைமாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். மரத்தைக் கொத்திச் சாகடிக்காமல், பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, அதே வெட்டில் மறுபடி மறுபடி பாலெடுக்கலாம் என்று அந்தத் தோட்டத்தில்தான் அவர் கண்டுபிடித்தார்.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது என் கை வேலை, மா. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு மர நிரைக்குப் போய், வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். சூடு ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. மேலோடு போனால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சேராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கனத்தைக் கை மட்டும்தான் அறியும். எனக்கு அது பிடிபட இரண்டு வருஷமானது. எங்களை மேய்க்கும் மண்டோர் என் மரங்களைக் காட்டித்தான் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. கால் வலியையும் கொசுக்கடியையும்தான் சொல்லியிருக்கிறேன், அது என் தப்பு.

இன்னொன்று. அந்தக் கன்றுகளில் சில பேராக்குக்கு வந்து, கோல கங்சாரில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்னும் இருக்கிறது, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில். நேற்று அப்பாவோடு போய்ப் பார்த்தேன். அந்த வழியே எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன்! நம் தோட்டத்தில் பால்மரமெல்லாம் சாய்த்து செம்பனை போட்டாகிவிட்டது. இது மட்டும் நிற்கிறது. பக்கத்தில் நின்றபோது, ரொம்ப நாள் பார்க்காத சொந்தக்காரரைப் பார்த்தது போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை பூமலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போ. அவன் கேட்ட கேள்விக்கு அங்கே நீயே பதில் சொல். அப்புறம் தீபாவளிக்கு வரும்போது கோல கங்சாருக்கு நான் கூட்டிப்போகிறேன். வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்க வேண்டும். அவன் விரலைப் பிடித்துக் காட்டித் தருகிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா