பின்பக்க ஷாக்கை உயர்த்தும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில், இருவர் அமர்ந்து செல்லும் பைக்குகளின் சென்டர் ஸ்டாண்டு சாலையில் உரசுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். இதற்குத் தீர்வென்று நினைத்து, பின்பக்க ஷாக் அப்சார்பரின் அடியில் 'எக்ஸ்டெண்டர்' என்னும் இரும்புத் துண்டை முடுக்கி வண்டியை உயர்த்திக்கொள்ளும் பழக்கம் எங்கள் பகுதி இளைஞர்களிடம் பரவிவருவதால் இதை எழுதுகிறேன்.

வண்டி 30 டிகிரி சாய்ந்து திரும்பும்போது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் மீது விழும் சுமை ஏறத்தாழ 15 சதவீதம் கூடுகிறது. பின்னால் ஒருவர் அமர்ந்து, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரையும் முறுக்கினால், எடை பின்பக்கம் சரிந்து ஸ்பிரிங் இன்னும் அமுங்குகிறது. முதலில் உரசுவது ஃபுட்ரெஸ்ட் என்றால் அது மடங்கிக்கொடுத்து எச்சரிக்கும். மடங்காத சென்டர் ஸ்டாண்டோ சைலன்சரோ முதலில் தரையில் ஊன்றினால், பின்சக்கரத்தையே தூக்கி வண்டியைச் சரித்துவிடக்கூடும். ஸ்டாண்டின் கால் பெயின்ட் தேய்ந்து வெள்ளியாய் மின்னுகிறதா என்று குனிந்து பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும்.

முதல் தீர்வுக்குச் செலவே இல்லை. பெரும்பாலான ஷாக்குகளில் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் படிப்படியாகத் திருகும் வளையம் உண்டு. பல வண்டிகளில் அதற்கான ஸ்பேனர் டூல் கிட்டிலேயே இருக்கும். ஆனால் நான் பார்த்த பல வண்டிகளில் அந்த வளையம், ஷோரூமை விட்டு வந்த நாள் முதல் யாரும் தொடாமல், சேறு இறுகிக் கிடக்கிறது. இதைத் திருகுவதால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. அமுங்கிய உயரம்தான் மீளும். அப்படியும் போதவில்லையென்றால், அதே நீளத்தில், ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் தரமான டாம்பிங்கும் கொண்ட ஷாக்கைப் பொருத்துவதே முறை. ஓட்டுபவர் அமர்ந்த நிலையில், பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

எக்ஸ்டெண்டரோ இவை எதையும் செய்வதில்லை. ஸ்பிரிங் முன்போலவே அமுங்க, வண்டியின் பின்பாகம் மட்டும் உயர்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முன்னைவிடச் செங்குத்தாகி, இறக்கத்தில் ஹேண்டில் நிலைகொள்ளாமல் துடிக்கிறது. சங்கிலியின் தளர்வு மாறுகிறது, சைடு ஸ்டாண்டில் நிறுத்திய வண்டி அளவுக்கு மீறிச் சாய்கிறது. பின்னால் ஒரே ஷாக் கொண்ட மோனோஷாக் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம்; அங்கே ஷாக்கில் 10 மி.மீ. கூட்டினால், அமைப்பைப் பொறுத்துச் சக்கரத்தில் 20 முதல் 30 மி.மீ. வரை மாற்றம் தெரியும். ஐந்நூறு ரூபாய்கூடப் பெறாத ஓர் இரும்புத் துண்டை நம்பி, வண்டியின் வடிவமைப்பையே மாற்றத் துணிவது எனக்கு வியப்பளிக்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதே வளைவில் சாய்வு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் இவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

எனவே, ஒவ்வொரு சர்வீஸின்போதும் வாடிக்கையாளரின் எடையையும், உடன் ஒருவரை வழக்கமாக ஏற்றிச்செல்வாரா என்பதையும் கேட்டறிந்து அந்த வளையத்தைச் சரிசெய்து தருமாறு சர்வீஸ் நிலையங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஷாக் விற்கும் கடைக்காரர்களும், எந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ எடைக்கு ஏற்றது என்பதை அட்டைப்பெட்டியின் மேல் எழுதி ஒட்டி விற்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
ராசிபுரம்.