தராபுகோவின் தோல் தலைக்கவசம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான பொலிவியப் பயணக் கட்டுரையில், சுக்ரே நகரிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவிலுள்ள தராபுகோ, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் கைத்தறித் துணிகளுக்கும் பேர்போன ஊர் என்ற அளவிலேயே வந்துபோகிறது. சந்தையை வருணித்ததில் குறையில்லை. அங்கு வாழும் கெச்சுவா மொழி பேசும் யம்பாரா மக்கள், துணி விற்பவர்களாக மட்டும் தென்படுவதுதான் உறுத்துகிறது.

முதல் படத்திலுள்ள ஆட்டக்காரர் அணிந்திருப்பதை 'வண்ணத் தொப்பி' என்று குறித்திருக்கிறீர்கள். 'மொந்தேரா' எனப்படும் அது, பழைய ஸ்பானியப் படைவீரரின் இரும்புக் கவச வடிவில் கெட்டித் தோலால் செய்யப்படுவது. 1816 மார்ச் 12 அன்று ஹும்பாத்தே என்னுமிடத்தில் யம்பாரா போராளிகள் ஸ்பானிய மன்னரின் படையை முறியடித்தார்கள். அந்த வெற்றியை நினைவுகூர்ந்து மார்ச் மாதம் மூன்றாவது ஞாயிறன்று நடக்கும் 'புஹ்யாய்' விழாவில், ஏணிபோல் நிமிர்த்திய மரச்சட்டத்தில் ரொட்டியும் பழமும் காய்கறியும் தொங்கவிட்டு, அதைச் சுற்றி ஆடுகிறார்கள். தோற்றவனின் கவசத்தை வென்றவனின் வழித்தோன்றல்கள் சூடி ஆடுவதாகவே எனக்குப் படுகிறது. 'புஹ்யாய்' என்றால் கெச்சுவாவில் விளையாட்டு என்று பொருள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதில் எள்ளலும் கலந்திருக்கலாம்.

நிர்வாகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தராபுகோ நகராட்சி என்றால் சந்தை கூடும் சிறு நகரம் மட்டுமன்று. சுற்றியுள்ள மலைக்கிராமங்களும் அதில் அடக்கம். 1994 ஆம் ஆண்டின் மக்கள் பங்கேற்புச் சட்டம் வருமுன் பொலிவிய நகராட்சிகளின் கை பெரும்பாலும் நகர எல்லையோடு நின்றுவிடும். அச்சட்டம் கிராமங்களையும் உள்ளே கொண்டுவந்து, தேசிய வரி வருவாயில் 20 சதவீதத்தை மக்கள்தொகைக்கேற்ப நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது.

அடுத்து, 2009 இன் புதிய அரசமைப்புச் சட்டம் பழங்குடித் தன்னாட்சிக்கு வழிவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று 12 நகராட்சிகளில் நடந்த வாக்கெடுப்பில் 11 நகராட்சிகள் அதை ஏற்றன. தராபுகோவும் அவற்றுள் ஒன்று. ஆனால் அதன்பின் தன்னாட்சிச் சட்டம் வரைய வேண்டும், அரசமைப்பு நீதிமன்றம் அதைப் பரிசீலிக்க வேண்டும், மக்கள் மீண்டும் வாக்களிக்க வேண்டும். அந்த நடைமுறைகளைக் கடந்து, தாழ்நிலத்தில் குவரானி மக்கள் வாழும் சராகுவா 2017 இல் முதலாவதாகத் தன்னாட்சி பெற்றது. தராபுகோவில் மேயரைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறையே நீடித்தது. மக்கள் 'ஆம்' என்று சொல்லிவிட்ட பிறகும் இத்தனை படிகளை வைத்தது நியாயந்தானா என்ற கேள்வி எனக்கு உண்டு.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. யுனெஸ்கோ 2014 இல் தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது புஹ்யாயை மட்டுமன்று. கட்டுரையில் விடுபட்ட 'அயாரிச்சி' இசையையும் ஆட்டத்தையும் சேர்த்துத்தான். முன்னது மழைக்காலத்துக்குரியது, பின்னது வறண்ட பருவத்துக்குரியது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், திருநெல்வேலி