ஏசியை வெளியே மாட்டுகிறீர்கள், அதைப் பார்க்க வரும் ஆள் எங்கே நிற்பது?

சென்னையில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் பில்டர்களுக்கும் பிளான் போடும் ஆர்க்கிடெக்ட்களுக்கும் வணக்கம்.

18 வருடமாக ஏசி காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். போன கத்திரி வெயிலில், ஆறாவது மாடி வீடு ஒன்றில் கூலிங் இல்லை என்று கூப்பிட்டார்கள். அவுட்டோர் யூனிட் வெளிச்சுவரில் இரண்டு இரும்பு ஆங்கிள் மேல் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியாக இறங்கி, ஒன்றரை அடி சன்ஷேடில் நடந்துதான் அதைத் தொட முடியும். என் ஹெல்ப்பர் இறங்கினான். அவன் இடுப்புக் கயிற்றைக் கட்டக் கட்டில் கால் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை. கட்டில் நகராமல் இருக்க நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

காப்பர் பைப் ஜாயின்டில் லீக். இப்போது வரும் ஏசிகளில் குளிர்விக்கும் கேஸ் பெரும்பாலும் ஆர்32தான். பழைய ஆர்22 போல இல்லை, இது லேசாகத் தீப்பிடிக்கும். மீதி கேஸை முழுக்க எடுத்துவிட்டு, பைப்புக்குள் நைட்ரஜன் விட்டுத்தான் பிரேசிங் வைக்க, அதாவது நெருப்பில் ராடை உருக்கி ஜாயின்டை ஒட்ட வேண்டும். ஒரு கையில் தீ கக்கும் டார்ச், இன்னொரு கையில் ராடு. சுவரை எந்தக் கையால் பிடிப்பது? சன்ஷேட் ஓரத்துப் பூச்சு பெயர்ந்து அவன் கால் வழுக்கியது. கயிறு தாங்கியது. உள்ளே வந்து தண்ணீர் கேட்டான். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

சேஃப்டி பெல்ட் போடலாமே என்பீர்கள். பெல்ட் எங்களிடம் இருக்கிறது. அதன் கொக்கியை எதில் மாட்டுவது? நாங்கள் கேட்பது, நிற்க ஓர் இடம்.

எலிவேஷன், அதாவது கட்டடத்தின் வெளித்தோற்றம், அழகு கெடும் என்று ஒரு சைட்டில் சொன்னார்கள். அந்த அழகுக்காகவே சில இடங்களில் எல்லா யூனிட்டையும் கட்டடத்தின் மேலிருந்து கீழ் வரை போகும் ஒரு குறுகிய டக்டுக்குள் அடுக்கிவிடுகிறீர்கள். கீழே உள்ளவை தள்ளும் சூட்டை மேலே உள்ளவை இழுக்கின்றன. பிரஷர் ஏறி கம்ப்ரசர் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் எங்களைத்தான் திட்டுகிறார், கேஸ் குறைத்துப் போட்டோம் என்று. கடலோரக் கட்டடங்களில் உப்புக்காற்று ஆங்கிளை அரித்துவிடும். சுமார் 30 கிலோ யூனிட் அதன் மேல். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வீட்டை விற்று முடித்ததும் உங்கள் போன் எடுக்கப்படுவதில்லை.

சரி, கோபத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பணிவாகவே கேட்கிறேன். ஒவ்வொரு அவுட்டோர் யூனிட்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் அளவு ஸ்லாப், இடுப்பு உயரக் கைப்பிடி, உள்ளிருந்து போக ஒரு சின்னக் கதவு, கான்கிரீட் போடும்போதே பதித்த ஒரு கொக்கி. பின்னால் இடித்துச் செய்வதைவிட இப்போதே போடுவது சுலபம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அடுத்த கட்டடத்தின் பிளான் இன்னும் மேசையில்தான் இருக்கிறது என்றால், தயவுசெய்து அந்த இடத்தை அதில் வரைந்துவிடுங்கள். அளவு வேண்டுமானால் கூப்பிடுங்கள், ஹெல்ப்பரையும் அழைத்துக்கொண்டு வந்து நின்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஏசி காண்ட்ராக்டர்