பறவை நோக்குவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள் எப்படியும் இதை வாட்ஸ்அப்பில் படிப்பார்கள்.

இரண்டாம் ஞாயிறு நடைகள், மழை பெய்த மாதங்கள் நீங்கலாக, நடந்தன. டிசம்பரில் வேடந்தாங்கலுக்கும் ஜனவரியில் கரிக்கிலிக்கும் போய் வந்தோம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டோம். ஒரு பள்ளியில் பேசினோம், மைக் வேலை செய்யவில்லை. செயற்குழு கூடியபோதெல்லாம் டீ வழங்கப்பட்டது.

இனி விருதுகள். "சங்கமா, சர்க்கஸா?" என்று செயற்குழுவிலேயே ஒரு குரல் எழுந்ததால் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முன்பு நம்மிடம் இருந்தது ஒரே ஒரு கேடயம், ஆண்டில் அதிக இனங்களைப் பார்த்தவருக்கு. கார் இல்லாத ஒருவர் கைக்கு அது போய் நான் பார்த்ததில்லை. மார்ச் நெருங்க நெருங்கப் பட்டியல்கள் ஊதிப் பெருகும். வேறு யார் கண்ணிலும் படாத பறவைகள், ஒருவர் தனியாகப் போன நாளில் மட்டும் நம் ஏரியில் வந்து இறங்கும். படம் இருக்கிறதா என்று கேட்டால் மனஸ்தாபம். ஆகவே கேடயத்தை அலமாரியில் வைத்துவிட்டு, பனையோலைப் பறவைகளை விருதாகத் தரும் திட்டத்தை நான் முன்வைத்தேன். அதைத் தீர்மானமாக நிறைவேற்றிய குழுவில், இப்போது முணுமுணுப்பவர்களும் இருந்தார்கள்.

ஆறுமணிக்குருவி விருது, சொன்ன நேரத்துக்கு ஏரிக்கரையில் நிற்பவருக்கு. கரும்பருந்து விருது, வால் நடுவில் பிளந்திருப்பதைப் பார்க்காமலே "கழுகு, கழுகு" என்று கத்துபவருக்கு. இதை வாங்கிய இளைஞர் இப்போது எந்தப் பருந்தைக் கண்டாலும் முதலில் வாலைத்தான் பார்க்கிறார். வகுப்பு எடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்று குழு யோசிக்கட்டும்.

ஆள்காட்டி விருதில்தான் சங்கடம் வந்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆள்காட்டிக் குருவி போடும் சத்தத்தில் கரையில் மேய்வதெல்லாம் உஷாராகிவிடும். கரிக்கிலியில் அந்த வேலையை ஒரு மூத்த உறுப்பினரின் செல்போன் செய்தது. ஊசிவால் வாத்துக் கூட்டம் மொத்தமும் எழுந்து போய்விட்டது. சிவப்பு ரிப்பன் ஒட்டிய ஓலை ஆள்காட்டியை மேடையில் சிரித்துக்கொண்டுதான் வாங்கினார். அப்புறம் வீட்டுக்குப் போய் என்ன நினைத்தாரோ, நடைகளுக்கு வருவதில்லை. அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. விருதைக் கௌரவமாக எடுத்துக்கொள்ளும்படி இந்த அறிக்கை மூலமாகவும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு அந்த விருதுக்கு நானே போட்டியிடத் தயார்.

நான் பெரிதாக நினைப்பது காக்கை விருதைத்தான். கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட எல்லாவற்றையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நம்மவர்கள் செம்பருந்து ஒன்று என்று எழுதுவார்கள், மீன்கொத்தி இரண்டு என்று எழுதுவார்கள், காக்கைக்கும் மைனாவுக்கும் வந்தால் எண்ணிக்கை இடத்தில் ‘எக்ஸ்’ போட்டுவிட்டுப் போவார்கள். இருந்தது என்று மட்டும் அர்த்தம், எத்தனை என்று தெரியாது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-இல் வந்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம் 30,000-க்கும் மேற்பட்ட நம்மைப் போன்றவர்கள் ஏற்றிய பதிவுகள். எல்லோரும் ‘எக்ஸ்’ போட்டால் காக்கை குறைகிறதா கூடுகிறதா என்று யார் சொல்வது?

இந்த ஆண்டு அந்த விருது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவிக்குப் போனது. பொங்கல் அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, அடைய வரும் காக்கைகளைப் பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணியிருக்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். எச்சம் விழுந்த இடத்தை வட்டமிட்டு "இதுவும் ஒன்று" என்று எழுதியிருந்தாள். முழுப் பக்கத்தையும் நகல் எடுத்துச் சங்கக் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

மீதமிருப்பவை இரண்டு. வரித்தலை வாத்து விருது, குளிர்காலத்தில் மட்டும் தலைகாட்டுபவருக்கு. அந்த வாத்தாவது இமயமலையைத் தாண்டிக் கூந்தன்குளம் வரை வருகிறது. நம் உறுப்பினர்கள் சிலருக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி வர முடிவதில்லை. அக்காக்குயில் விருது, தவிட்டுக்குருவி கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போகும் அந்தப் பறவை போல, சந்தா கட்டாமல் நடைக்கு வந்து பொங்கலும் வடையும் சாப்பிட்டுப் போகிறவருக்கு. தகுதியானவர்கள் அதிகமாக இருந்ததால் இந்த ஆண்டு யாருக்கும் கொடுக்கவில்லை. ஓலைக்குயில் ஒன்றுதான் இருக்கிறது. பெயர்கள் பொருளாளரிடம் இருக்கின்றன, இங்கே படிக்கப் போவதில்லை. இப்போதைக்கு.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக வந்தது. விவரம் பொருளாளரின் தாளில் இருக்கிறது, தணிக்கை ஆனதும் சுற்றுக்கு வரும். வேன் வாடகை கூடிவிட்டது. விருதுகளுக்கான ஓலை, சாயம், ரிப்பன் செலவில் ஒரு பகுதியை என் கையிலிருந்து போட்டேன். திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

தலைவர், பொருளாளர், வேன் ஓட்டுநர், இந்த அரங்கை வாடகையில்லாமல் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி மனம் விட்டே சொல்கிறேன். பொது பைனாகுலர் இரண்டில் ஒன்றின் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது. புதிது வாங்காவிட்டால் புதிதாக வரும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்ச்சி, அலமாரிச் சாவி சட்டைப்பையிலேயே இருக்கிறது. யாரும் வராவிட்டால் தொடர்வதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, விருதுகளும் தொடரும் என்றால். சந்தா அதே 300 ரூபாய்தான். கூட்டம் முடிந்து டிபனுக்குப் போகும் வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழியில்லாதபடி மேசையைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்