குர்சுராவுக்குள் நுழையும் முன்

நகரி

கண்ணு,

இங்கே எல்லாரும் நலம். லீவில் பிள்ளைகளையும் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு விசாகப்பட்டினம் போவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

திருப்பதியில் இரவு திருமலா எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை விசாகப்பட்டினத்தில் இறங்கிவிடலாம். வேறு ரயில் எடுப்பதானால் ஊருக்குள் போகிறதா என்று பார். உள்ளே போகிற வண்டி இன்ஜினை மறுபக்கம் மாட்டித்தான் வெளியே வரவேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று சில வண்டிகள் ஊருக்கு வெளியே உள்ள துவ்வாடா ஸ்டேஷனோடு வேறு பக்கம் திரும்பிவிடும். குழந்தைகளோடும் மூட்டையோடும் அங்கே இறங்கி ஆட்டோ பேரம் பேசிக்கொண்டு நிற்காதே.

அறையை ஆர்.கே. பீச் பக்கமே போடு. கடலில் கணுக்கால் நனைந்தால் போதும். அந்தக் கரையில் மணல் சட்டென்று சரியும், திரும்புகிற அலை காலை வாரிவிடும். யாராடா பீச் இன்னும் மோசம். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது கரையில் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிதான். 1969இல் சோவியத் நாட்டில் வாங்கியது, 2001இல் ஓய்வு பெற்றது, மறு வருடம் மணலில் இழுத்து வைத்துக் காட்சிக்கூடம் ஆக்கினார்கள். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் காலையிலேயே போய் நிற்காதே, திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போ.

நீளம் 91 மீட்டர், உள்ளே ஏழு அறைகள். அறைக்கு அறை வட்டமான இரும்பு வாசல், முழங்கால் உயரத்தில். அதில் தலையை முதலில் நுழைத்தால் நெற்றி இடிக்கும். மேலே உள்ள பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை அந்தப் பக்கம் வை, பிறகு உடம்பைக் குனிந்து நுழை, கடைசியில் மற்ற கால். சேலை என்றால் கொசுவம் மாட்டிக்கொள்ளும், சுடிதார் போட்டுக்கொள். வழி ஒன்றுதான். பின்னால் ஆள் வந்துவிட்டால் பாதியில் திரும்ப முடியாது. மூட்டுவலிக்காரரான சம்பந்தியம்மா வெளியே உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும், வற்புறுத்தாதே.

முன்னறையில் ஆறு டார்பிடோ குழாய்கள், பின்னால் நான்கு. டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே மாலுமிகள் படுக்கும் பலகை இருப்பதைப் பெரியவனுக்குக் காட்டு. காவலுக்குப் போகிறவன் எழுந்த படுக்கையில், காவல் முடிந்து வந்தவன் படுப்பான்.

வழிகாட்டுகிறவர்கள் கடற்படையில் ஓய்வு பெற்றவர்கள். கூட்டம் தள்ளினால் அவர்களும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நீ ஒரு கேள்வியாவது கேள்: பேட்டரி எங்கே? அது உன் காலுக்கு அடியில் இருக்கிறது. டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டும், அதனால் முழுக்க மூழ்கிவிட்டால் பேட்டரிதான். சார்ஜ் குறைந்தால் மேலே வந்தோ குழாயை மட்டும் நீட்டியோ டீசலை ஓட்டியாக வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும். மின்விசிறி அதை வெளியே தள்ளவில்லை என்றால் ஒரு தீப்பொறி போதும்.

இது தெரிந்தால்தான் காஜி கதை புரியும். பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பி, நம் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிக்கொண்டு வந்தது. அப்போது கிழக்குக் கடற்படைத் தளபதி நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, ராஜ்புத் என்ற பழைய கப்பலை விக்ராந்த் மாதிரி வயர்லெஸ்ஸில் பேசவைத்தார். ஒரு மாலுமி தன் தாயார் உடல்நிலையை விசாரிப்பதுபோல் ஒரு தந்தி கூட அதில் உண்டு! ஊருக்குள் ஏராளமான ரேஷனுக்கு ஆர்டர் கொடுத்து, வாய் சும்மா இராத வியாபாரிகள் மூலம் செய்தியைப் பரவவிட்டார். டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் துறைமுகத்துக்கு வெளியே காஜி வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த 90க்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜ்புத் போட்ட வெடிகுண்டால் என்பது நம் கடற்படை சொல்வது. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே மாட்டியது என்றும், உள்ளேயே வெடித்தது என்றும் மறுபக்கத்தில் சொல்கிறார்கள். அந்த ஹைட்ரஜன் பேச்சும் அதில் உண்டு. பீச் ரோட்டில் 1971 போர் வெற்றிக்காக 1996இல் கட்டிய சின்னத்துக்கு முன்னால் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் காரணங்கள் எல்லாவற்றையும் சொல், ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதே.

குர்சுராவுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் டியூ-142 விமானம். நீர்மூழ்கியைத் தேடுவதுதான் அதன் வேலை, இப்போது அதற்கு நேர் எதிரிலேயே நிற்கிறது. அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து 2017இல் ஓய்வு பெற்றுப் போனது அதுவே. சின்ன வயதில் நீ காதைப் பொத்திக்கொள்வாயே, அந்த உறுமல்! நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள்.

நேரம் இருந்தால் அதே ரோட்டில் விசாகா மியூசியம். 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் இந்த ஊரிலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அப்படி ஒரு குண்டை அங்கே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் எம்டனைத் தெரியாத ஆளில்லை, இதைத் தெரிந்தவர் குறைவு. கைலாசகிரி ரோப் காரெல்லாம் குழந்தைகளே இழுத்துக்கொண்டு போவார்கள், அதற்கு நான் எழுத வேண்டியதில்லை.

மே மாதம் வேண்டாம், வெயிலும் புழுக்கமும் ஆளைக் கொன்றுவிடும். டிசம்பர் 4 கடற்படை தினம். அந்த வாரம் அங்கே கடலில் சாகசம் நடக்கிற வருடமானால் பார்க்கலாம், ஆனால் பீச் ரோட்டில் வண்டி நகராது, அறை வாடகையும் ஏறிவிடும். ஜனவரி சரி. ரிசர்வேஷன் 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். திரும்பி வரும் டிக்கெட்டையும் அது திறக்கிற அன்றைக்கே போட்டுவிடு, சம்பந்தியம்மாவுக்குக் கீழ் பெர்த் கேள்.

அப்பா