ஒரே பானையில் சமைக்க உதவியவர்களுக்கு

களியக்காவிளையிலும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் இருக்கும் என் அக்கம்பக்கத்தாருக்கு,

போன வருடம் ஆனியில் என் அம்மைக்கு டயாலிசிஸ் தொடங்கியது. அன்றே வீட்டு அடுக்களை என் கைக்கு வந்தது. மனைவி மஸ்கட்டில் நர்ஸ். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். அதுவரை அடுப்பு அம்மையுடையது. எனக்குச் சாயா போடத் தெரியும், முட்டை பொரிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் கூடாது என்று இருந்தவற்றைப் படித்தபோது கை நடுங்கியது. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழம், மட்டிப்பழம், இளநீர், கருவாடு, அப்பளம், ஊறுகாய். தேங்காய் மிகக் குறைவாக. உப்பு நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள். பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று விளக்கினார்கள். காரணம் புரிந்தது. ஆனால் குமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாவில் பிறந்து வளர்ந்த ஒருத்தியின் சோற்றிலிருந்து இவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

முதல் இரண்டு மாதம் இரண்டு பானை வைத்தேன். எங்களுக்கு மீன்குழம்பு, அம்மைக்கு உப்பில்லாமல் வேகவைத்த காய். "எனக்குண்ணு தனிப் பானை வேண்டாம் மக்களே, கொஞ்சம் கஞ்சி போதும்" என்று அம்மை தட்டை நகர்த்திவிடுவாள். எடை நான்கு கிலோ இறங்கியது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு இன்னும் வேகமாகத் தளரும்; அவர்களுக்குப் புரதம் முன்பைவிடக் கூடுதலாகவே வேண்டும். அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அந்த நிலையிலிருந்து எங்களைத் தூக்கிவிட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் திருவனந்தபுரத்து டயட்டீஷியன் மேடத்துக்கு. நீங்கள் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, "வீட்டில் அம்மா எப்படிச் சமைப்பார்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். நான் மரச்சீனியில் தொடங்கினேன். தோலுரித்து, நறுக்கி, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி வேகவைப்போம் என்றேன். நீங்கள் நிறுத்தச் சொல்லி, "இதையே எல்லாக் காய்க்கும் செய்யுங்கள்" என்றீர்கள். எங்கள் பாட்டிமார் 'கட்டு', அதாவது கிழங்கின் நச்சு, போக வேண்டும் என்று கொட்டிய தண்ணீர் அது. மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் வந்த பழக்கம். பொட்டாசியமும் தண்ணீரில் கரைவதுதான் என்பதால், அதே வேலை அம்மைக்கும் மருந்தானது. காயைத் தோல் சீவி மெல்லியதாக அரிந்து, பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, கழுவி, ஐந்து மடங்கு தண்ணீரில் வேகவைத்து வடிக்கிறேன். இப்படி இரண்டு முறை வடித்த மரச்சீனி ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் என்று அனுமதித்தீர்கள். அன்று அம்மை அழுதாள். 1942-இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது இந்தப் பக்கத்து வீடுகளைக் காப்பாற்றிய கிழங்கு அது. அம்மையின் அம்மை அதைத் தின்றுதான் பிள்ளைகளை வளர்த்தாள். (இதைப் படிக்கும் மற்ற சிறுநீரக நோயாளிகள் வீட்டார் கவனிக்க: இந்த அளவு எங்கள் அம்மையின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்னது. உங்களுக்கு வேறாக இருக்கும்.)

டயாலிசிஸ் பிரிவில் இருந்த நர்ஸ் தங்கைக்கு. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் பார்த்து, நல்லது செய்வதாக நினைத்து வாங்கி வைத்திருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னதும் நீங்கள் பதறிப்போய்ப் பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு. அம்மைக்கு எது எமனோ அதையே கறியில் போட இருந்தேன். இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்புதான் என்றும், மரத்தில் காய்த்துக் கொட்டுகிற இரும்பன்புளியில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால் அதைத் தொடவே கூடாது என்றும் சொல்லித்தந்ததும் நீங்கள்தான்.

மேலத்தெரு பெரியம்மைக்கு. உப்பில்லாத கறியை என் பிள்ளைகள் எப்படித் தின்பார்கள் என்று புலம்பியபோது, "பந்தியில இலையில முதல்ல என்னத்த வைக்கோம்?" என்று கேட்டீர்கள். உப்பு! இலையோரத்து ஒரு சிட்டிகை உப்பு, வேண்டியவர் வேண்டிய அளவு தொட்டுக்கொள்ள. இப்போது எங்கள் வீட்டில் பானை ஒன்றுதான். கறி உப்பில்லாமல் இறங்கும். பிள்ளைகள் தங்கள் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள். அம்மையின் உப்புப் பங்கை என் மகள் காலையில் சின்னத் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் வைத்துவிடுவாள், அன்றைக்கு அதுதான். மகளே, ஒன்பதாம் வகுப்புப் பாடத்துக்கு நடுவில் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்கிறாயே, உனக்கும் நன்றி.

பாறசாலை சேச்சிக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். உப்பில்லாத குழம்புக்கு உயிர் கொடுத்தது உங்கள் கொடம்புளி, மீன்குழம்புக்குப் போடும் அந்தக் கறுத்த காய்ந்த புளி. சாளை மீனில் கொடம்புளி, நல்லமிளகு, நசுக்கிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), இஞ்சி, கடைசியில் கைநிறையக் கறிவேப்பிலை. மண்சட்டியில் ஒரு ராத்திரி இருந்தால் மறுநாள் நாக்கு உப்பைத் தேடுவதே இல்லை. வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் தீயலுக்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். தேங்காயைப் பாதியாகக் குறைத்தேன், ரசம் மாதிரி ஓடியது. கடலைப்பருப்பு வறுத்துச் சேர்த்தேன், சாம்பார் வாசனை வந்துவிட்டது. நீங்கள்தான் பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்து, மல்லியோடும் அந்தப் பாதித் தேங்காயோடும் சேர்த்து அரைக்கச் சொன்னீர்கள். தேங்காயை இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக, கருகுவதற்குச் சற்று முன்புவரை வறுக்கவும் சொன்னீர்கள். குழம்பும் கெட்டியானது, நிறமும் வந்தது. உள்ளித்தீயல் மறுபடி உள்ளித்தீயல் ஆனது.

அவியலில் சேனையும் ஏத்தங்காயும் போய்விட்டன. வெள்ளரிக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் போட்டு, மேலே ஒரு சொட்டுப் பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டு இறக்குகிறேன். சேனை இல்லாமல் அது அவியலா என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். அம்மை அதை அவியல் என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு அவள் சொல்வதுதான் கணக்கு.

தேங்காப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவுக்கு. உப்பில்லாமல் வைக்கும் மீனில் கொஞ்சம் பழசு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அது தெரிந்து, "இண்ணைக்கு வேண்டாம் மக்களே, இது நேத்தைய ஐஸு" என்று வாசலில் கூடை இறக்காமலே எத்தனை நாள் போயிருக்கிறீர்கள்! உங்கள் வியாபாரம்தான் கெட்டது. நெத்திலியை முள்ளோடு தின்றால் பாஸ்பரஸ் கூடும் என்று நான் சொன்ன நாளிலிருந்து, கேட்காமலே முள் உருவித் தருகிறீர்கள். அந்தக் கூலியை இன்றுவரை வாங்கவில்லை.

மஸ்கட்டில் இருப்பவளுக்கு: ராத்திரி டியூட்டி முடிந்து தூங்காமல் வீடியோவில் அம்மையின் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாய். தெரியும்.

அம்மைக்கு நன்றி சொன்னால் திட்டுவாள். அடுக்களை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணெயின் சத்தத்தைக் கேட்டே "கடுகு போதும், உள்ளியப் போடு" என்கிறாள். 1956-இல் இந்தத் தாலுகா மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்த வருடம் பிறந்தவள். அவள் கைமுறையில் எதையும் எழுதி வைத்ததில்லை. இந்தப் பதினான்கு மாதத்தில் நான் ஒரு நோட்டு நிரப்பியிருக்கிறேன். இடது பக்கம் அவள் முறை, வலது பக்கம் நாம் எல்லோரும் சேர்ந்து மாற்றிய முறை. எடையில் மூன்று கிலோ திரும்பி வந்திருக்கிறது.

சேச்சி, உங்கள் மண்சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவருகிறேன். வெறும் சட்டியாகத் தரக்கூடாது என்று அம்மை சொல்லியிருக்கிறாள். தீயல் வைக்கப்போவது நான்தான். உப்பு மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.